குறையைச் சொல்லத் தெரிந்த தாய்

(லூர்து அன்னை பெருவிழா, உலக நோயாளர் நாள். நற்செய்தி: யோவான் 2:1-11)



கானாவூர்த் திருமண வீட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மணமகன் வீட்டார், சுற்றத்தார், பந்தி மேற்பார்வையாளர், பரிமாறுகிறவர்கள், இயேசு, அவருடைய சீடர்கள் என்று வீடு நிறைய ஆட்கள். இத்தனை பேர் நடுவில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதைக் கவனித்துச் சொன்னவர் ஒரே ஒருவர். அது அவர் வேலைகூட இல்லை, விருந்துக்கு வந்தவர். பந்திக்குப் பொறுப்பானவரோ உள்ளே என்ன நடந்தது என்றே தெரியாமல் கடைசியில் மணமகனைக் கூப்பிட்டுப் பாராட்டிக்கொண்டிருக்கிறார். எந்த ஊர்க் கல்யாணத்திலும் இதுதானே நடக்கிறது!

மரியா என்ன செய்தார் என்று பாருங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், ஏன் குறைத்து வாங்கினீர்கள் என்று யாரையும் நிற்க வைத்துக் கேட்கவில்லை. சமையற்கட்டு ஓரத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கிசுகிசுக்கவும் இல்லை. யாரிடம் சொன்னால் வேலை நடக்குமோ அவரிடம் நேரே போய் ஒரே வரியில் சொன்னார். பணியாளர்களிடம் திரும்பி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். மகன் முதலில் பிடி கொடுக்காமல் பேசியபோதும் அவர் மனம் தளரவில்லை.

அடுத்து வேலை பணியாளர்களுடையது. அங்கே இருந்த ஆறு கல்தொட்டிகளும் யூதர்கள் கைகால் கழுவித் தூய்மை செய்துகொள்வதற்காக வைத்திருந்தவை. இன்றைய கணக்கில் ஒரு தொட்டி ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர் பிடிக்கும். ஆறையும் விளிம்புவரை நிரப்ப வேண்டுமென்றால் 480 லிட்டருக்குக் குறையாத தண்ணீரை யாரோ சுமந்து வந்திருக்க வேண்டும். அன்று குழாய் இல்லை. புதுமை நடந்தது இந்தச் சுமப்புக்குப் பிறகுதான். கொள்ளைநோய்க் காலத்தில் நம்பிக்கையோடு வாழ்வது எப்படி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டைத்தான்: நேரத்தில் சொன்ன தாய், தண்ணீர் சுமந்த வேலைக்காரர்கள்.

இன்று பிப்ரவரி 11. 1858-ஆம் ஆண்டு இதே நாளில் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி தங்கையோடும் தோழியோடும் விறகு பொறுக்கப் போனாள். அங்கே மசபியேல் குகையில் அன்னையைக் கண்டாள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1855-இல், லூர்து நகரில் காலரா பரவியது. பெர்னதெத்தும் அதில் சிக்கினாள். பிழைத்தாள், ஆனால் மூச்சுத்திணறல் சாகும்வரை அவளை விடவில்லை. விறகுக்குப் போன அன்று ஓடையில் மற்ற இருவரும் சட்டென்று இறங்கிக் கடந்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தால் மூச்சு இழுக்குமே என்று இவள் மட்டும் கரையில் தயங்கி நின்றாள். நம் அன்னையின் காட்சி ஒரு கொள்ளைநோயில் பிழைத்த பிள்ளைக்குக் கிடைத்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இந்த நாளைத்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உலக நோயாளர் நாளாக அறிவித்தார். 1993 முதல் திருச்சபை முழுவதும் கொண்டாடுகிறோம்.

மூச்சு என்றதும் சாமராஜநகரில் இருப்பவர்களுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வராமல் போகாது.

2020-இல் கொரோனா வந்தபோது நம் மாவட்டம் ஊருக்கே அதிசயம். கர்நாடகம் முழுவதும் நோயாளிகள் பெருகிக்கொண்டிருக்க, ஜூன் மாதம் வரைக்கும் நம்மிடம் ஒருவர்கூட இல்லை. பச்சை மண்டலம் என்று பத்திரிகைகள் எழுதின. சுற்றிலும் காடு, மலை, மாதேஸ்வரன் காவல், மாதா காவல் என்று எல்லா மதத்தாரும் அவரவர் வழியில் பெருமைப்பட்டோம். ஒரு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. 2021 மே 2-ஆம் தேதி இரவு சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்தது. மறுநாள் விடிந்தபோது 24 பேர் இறந்த செய்தி நாடு முழுவதும் போயிருந்தது. ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் மூன்று பேர்தான் என்று முதலில் அரசுத் தரப்பில் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் அமைத்த குழு அதை ஏற்கவில்லை. ஆக்சிஜன் பற்றாக்குறையே அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று அறிக்கை தந்தது.

யார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத நான் இந்தப் பீடத்தில் நிற்கவில்லை. ஆனால் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் நாம் பார்க்கிற ஆளுயரப் பெரிய சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஆக்சிஜன் அடைபட்டிருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் ஒரு நோயாளிக்கு அது 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதிவேகக் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் போகிறவருக்கு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. தலைமாட்டில் இருக்கும் அளவுமானியின் முள் திடீரென்று விழுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். கண்ணில் படும்படி இறங்கும். சிலிண்டர்களோ மைசூரிலிருந்து லாரியில் வந்தாக வேண்டும். எனவே தீர்ந்த பிறகு சொல்வதில் பயனில்லை. தீருமுன், லாரி வந்து சேரும் நேரத்தையும் கூட்டிக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும், கேட்கிறவர் காதில் விழும்வரை சொல்ல வேண்டும். கானாவூரில் ஒரு தாய் செய்த வேலை அது. அந்த இரவில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் சுற்று வட்டாரத்தில்தான் இருக்கின்றன. இந்தத் திருப்பலியில் அவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

பெருந்தொற்று என்றாலே கொரோனாவை மட்டும் நினைக்கிறோம். நம் மாவட்டத்தின் காட்டிலேயே வேறொன்று இருக்கிறது. கன்னடத்தில் மங்கன காயிலெ என்கிறார்கள், நமக்குக் குரங்குக் காய்ச்சல். 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் முதலில் கண்டுபிடித்த வைரஸ் அது. பல ஆண்டுகள் அந்தப் பக்கத்து நோயாகவே இருந்தது. 2012 நவம்பரில் நம் பந்திப்பூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அவற்றை வெறுங்கையால் எடுத்து எரித்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த ஆண்டு முதுமலைப் பக்கமும் வயநாட்டிலும் தடம் தெரிந்தது. காட்டுக்கு மாநில எல்லை தெரியாதல்லவா?

குரங்கு நமக்கு எதிரி இல்லை. நம்மைப்போலவே அதுவும் இந்த நோயில் சாகிறது. பரப்புவது உண்ணி. குரங்கு செத்ததும் அதன் உடம்பிலிருந்த உண்ணிகள் கீழே உதிர்கின்றன. அந்த இடத்தில் விறகு பொறுக்குகிறவர், மாடு மேய்க்கிறவர், சருகு அள்ளுகிறவர் காலில் ஏறுகின்றன. நவம்பர் முதல் மே வரை, அதாவது நாம் காட்டுக்கு அதிகம் போகும் வறண்ட மாதங்களில்தான், குஞ்சு உண்ணிகள் மிகுதி. அவை கண்ணுக்குத் தெரிவதே அரிது. காய்ச்சல் சட்டென்று ஏறும், தலைவலி மண்டையைப் பிளக்கும், உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல வலிக்கும், சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். சிலருக்குக் காய்ச்சல் விட்டு, பிழைத்தோம் என்று எழுந்து நடமாடும் நேரத்தில், ஓரிரு வாரம் கழித்து மறுபடி வந்து மூளையைத் தாக்கும். முன்பு போட்டுவந்த தடுப்பூசி போதிய பலன் தரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். புதியதற்கு ஆராய்ச்சி நடக்கிறது. அதுவரைக்கும் நம் கையும் கண்ணும்தான் தடுப்பூசி.

மார்ட்டள்ளி, சந்தனபாளையம், ஒட்டர்தொட்டி மக்களுக்குக் காட்டோரத்தில் நடக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். முழுக்கை, முழுக்கால் உடுத்துங்கள். கால்சட்டையின் அடிப்பகுதியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். சுகாதாரத் துறை தரும் டீபா எண்ணெயைப் பூசிக்கொள்ளுங்கள், வாங்கி அலமாரியில் வைப்பதற்கு அல்ல அது. திரும்பி வந்ததும் கட்டிலில் சாய்வதற்கு முன் துணியை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். பிள்ளைகளின் காதுமடலுக்குப் பின்னால், அக்குளில், முடிக்கால்களில் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், பீடி நெருப்பால் சுடாதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். சின்னக் கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். குரங்கு செத்த பகுதியிலிருந்து தொழுவத்துக்குச் சருகு கொண்டுவர வேண்டாம். காட்டிலோ தோட்டத்திலோ செத்த குரங்கைக் கண்டால் தொடாமல், புதைக்காமல், அன்றைக்கே வனத்துறைக்கோ, ஊரில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா அக்காவுக்கோ சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து சுற்றிலும் மருந்து தூவுவார்கள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை முன்பின் தெரியாத ஒரு விறகுக்காரியின் உயிரைக் காப்பாற்றலாம். பெர்னதெத்தும் விறகுக்குப் போனவள்தானே.

காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். முதல் சில நாட்களுக்குள் ரத்தம் எடுத்தால் வைரஸ் எளிதில் பிடிபடும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம். ரத்தம் கசியக்கூடிய காய்ச்சலில் அது ஆபத்து.

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பாதை உண்டு. பாதை தெரியாமல் பயப்படுவதில் பாதி வீண், மீதி கொடுமை. கொரோனா மூச்சுக்காற்றில் வரும். அதற்கு முகக்கவசமும் திறந்த ஜன்னலும். குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாக வரும், ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவாது. ஆகவே அந்த நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கப் பயப்படுகிறவர் காரணமில்லாமல் பயப்படுகிறார். நிபா அப்படியல்ல. பழந்தின்னி வௌவாலிடம் இருக்கும் வைரஸ் அது. ஒரு மனிதருக்கு வந்துவிட்டால் அருகில் இருந்து பணிவிடை செய்கிறவரையும் பிடிக்கும். வௌவால் கொறித்த பழம் எவ்வளவு இனித்தாலும் எறிந்துவிடுங்கள்.

நிபா 2018 மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்தது. குண்டல்பேட்டை வழியாக மூலஹொளே சோதனைச்சாவடியைத் தாண்டினால் வயநாடு, வயநாட்டை அடுத்தது கோழிக்கோடு. நம் பிள்ளைகள் வேலைக்குப் போய்வரும் ஊர். அங்கே ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஒரே மாதிரி நோய் கண்டதும் மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். வழக்கமான மூளைக்காய்ச்சல் என்று எழுதி முடித்துவிடாமல் உடனே மாதிரிகளை நம் மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். முதல் மரணத்தில் தெரியாமல் போனது இரண்டாம் நோயாளியில் தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் 17 உயிர்கள் போயின. பேராம்பிரா தாலுக்கா மருத்துவமனைச் செவிலியர் லினி அவர்களில் ஒருவர். நோயாளிக்குப் பணிவிடை செய்து நோயை வாங்கிக்கொண்டவர். தனக்கும் அதுவாக இருக்கலாம் என்று சொல்லித் தன்னைத் தனிமையில் வைக்கக் கேட்டுக்கொண்டவர். இன்று நோயாளர் நாளில் செவிலியர்களுக்காகச் செபிக்கும்போது அவர் முகம் என் கண்முன் வருகிறது.

இவ்வளவும் சொன்னதும், சுவாமி, நீங்களே இப்படி எண்ணெயும் சாக்ஸும் பேசலாமா, ஆண்டவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று ஒருவர் கேட்பார். ஒவ்வொரு பங்கிலும் ஒருவர் இருக்கிறார். கொள்ளைநோய்க் காலத்தில் நம் மக்கள் வாசலில் ஒட்டிவைக்கும் தொண்ணூற்றொன்றாம் திருப்பாடல் உங்களுக்குத் தெரியும். கொள்ளைநோய்க்கு அஞ்ச வேண்டாம், வானதூதர் உன்னைத் தாங்குவார் என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது. அருமையான செபம், விடாமல் சொல்லுங்கள். ஆனால் நற்செய்தியில் அதே திருப்பாடலை எடுத்துப் பேசுகிறவன் யார் தெரியுமா? அலகை. கோவிலின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, தூதர்கள்தான் தாங்குவார்களே, குதியும் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டுப் படி வழியாக இறங்கியிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. நெரிசலான அறையில் இருமிக்கொண்டே, எனக்கு ஒன்றும் ஆகாது என்று உட்கார்ந்திருப்பது கோவில் உச்சியிலிருந்து குதிப்பதுதான். அதுவும் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

எசேக்கியா அரசர் சாகக் கிடந்து அழுது செபித்தார். கடவுள் கேட்டார். கேட்டும், அத்திப்பழ அடையைக் கட்டியின் மேல் வைத்துக் கட்டச் சொன்னார் எசாயா. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசியுங்கள். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவர்தான் என்று அங்கே இருக்கிறது. லூர்து தலத்திலேயே குணமானதாகச் சொல்கிறவர்களை மருத்துவர்கள் பரிசோதித்துத்தான் ஏற்கிறார்கள், 2020-இல் அங்கிருந்த குளியல் தொட்டிகளையே மூடினார்கள். நம் மைசூர் மண்ணிலேயே ஆபே துபுவா என்ற குருவானவர், ஊரார் தொட்ட சுவாமியோரு என்று அழைத்தவர், பெரியம்மை தடுப்பு ஊசியை மக்களிடம் கொண்டுபோனார். 1803-04-இல் மட்டும் 25,000-க்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டதாகக் கணக்கு இருக்கிறது. எதிர்ப்பு அன்றைக்கும் இருந்தது. வாட்ஸ்அப் இல்லாமலேயே வதந்தி பரவிய காலம்.

இப்போது கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரத்தில் சொல்லுங்கள் என்கிறேன். ஆனால் சொன்னவர்களை நாம் எப்படி நடத்தினோம்? வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியதும் அந்தத் தெருவில் பால் ஊற்றப் போகாமல் விட்டோம். பம்பில் குடம் வைக்க விடவில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தபோது அவரைப் புதைக்கவிடாமல் கூட்டம் கூடித் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஆட்கள் காயப்பட்டார்கள். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தாமே மண்ணைத் தள்ளி மூட வேண்டியிருந்தது. இதைப் பார்த்த பிறகு எந்தத் தாய் தன் மகனுக்குக் காய்ச்சல் என்று வெளியே சொல்வாள்? மூடி வைப்பாள், கஷாயம் கொடுத்துப் பார்ப்பாள், மூச்சு வாங்கும்போது கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடுவாள். நம் மாவட்டத்தில் பலர் தாமதமாக மருத்துவமனைக்கு வந்ததற்கு வைரஸ் மட்டும் காரணம் இல்லை. நம் நாக்கும் காரணம்.

மாற்கு நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டாள். சட்டப்படி அவள் யாரையும் தொடக் கூடாதவள். தெரிந்தால் என்ன ஆகும் என்று நடுங்கினாள். இயேசு திரும்பி நின்றார். அவள் நடந்ததெல்லாம் சொல்லும்வரை அவர் நகரவில்லை. சொன்னதும் திட்டவில்லை, மகளே என்று அழைத்து அனுப்பிவைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவளை அப்படிக் கூப்பிட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நம் அன்பியங்களில் ஒருவர் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அவர் காதில் முதலில் விழுவது என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு அளவில் இன்றைக்கே, நோய் எதுவும் இல்லாத இந்த நல்ல நாளிலேயே, செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒரு வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நல்ல முகக்கவசம் சில, இவ்வளவும் ஒரு டப்பாவுக்குள் அடங்கும். தொற்றுக் காலத்தில் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடைக்குப் போகாமல் ஒரு மாதத்துக்கு முன்கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ராகியும் அரிசியும் பருப்பும் இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும். அதற்கு மேல் பதுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி. வீட்டில் தனியாகப் படுக்க ஓர் அறையோ, அறை இல்லையென்றால் காற்றோட்டமான ஒரு மூலையோ எது என்று பேசி வையுங்கள். 104, 108 உதவி எண்கள் இரண்டும் பாட்டிக்கும் தெரிந்திருக்கட்டும். பெரியவர்கள் மருத்துவமனையில் படுத்துவிட்டால் ஆடுமாட்டை யார் பார்ப்பது என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. 2021-இல் ஆட்டுக்கு ஆள் இல்லை என்றே வைத்தியத்துக்குப் போகத் தயங்கியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டாரோடு இப்போதே பேசி வையுங்கள், நான் இல்லாவிட்டால் நீ, நீ இல்லாவிட்டால் நான் என்று.

அன்பியப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் முதியவர்களின் பெயர்களை எழுதுங்கள். நம் சபையாரை மட்டும் அல்ல, அந்தத் தெருவில் இருக்கும் எல்லாரையும். தவக்காலம் தொடங்கும் முன் அந்தப் பட்டியல் என் மேசைக்கு வரட்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் இளைஞரின் பெயரையும் கைபேசி எண்ணையும் சேர்த்து எழுதட்டும்.

இப்போது நம்பிக்கை அறிக்கைக்குப் பிறகு நோயில்பூசுதல் நடைபெறும். நாற்காலிகளைக் கெபிக்கு முன்னால் வெளியில், காற்றாட, தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறோம். முதியவர்களும் நாட்பட்ட நோய் உள்ளவர்களும் அங்கே போய் அமருங்கள், நான் உங்களிடம் வருவேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பஞ்சில்தான் எண்ணெய் பூசுவேன். இன்று காய்ச்சலோ இருமலோ இருப்பவர்கள் வரிசைக்கு வர வேண்டாம். கூச்சப்படாமல் வாசலில் நிற்கும் உபதேசியாரிடம் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் எண்ணெயோடும் நற்கருணையோடும் நானே வருகிறேன். ஆஷா அக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.